வலது மூலைப் பொத்தான்

"நாங்க உங்கள டெஸ்ட் பண்ணல. இந்த ஸ்கிரீனத்தான் டெஸ்ட் பண்றோம். எங்கயாச்சும் தடுமாறினா தப்பு உங்களோடது இல்ல, எங்களோடது."

பதினோரு வருடமாக இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு மனிதர் மட்டும் அவற்றை நம்பாமல் போனார். அவர் பெயர் இராமலிங்கம். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். ஒரு சாவுக்குத் தான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டே கடைசி மூன்று மாதங்களைக் கழித்தார். அதற்கு அவர் காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததால்.

என் பெயர் குமுதா. என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியை வெளியிடுவதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களில் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, கையில் போனைக் கொடுத்து, ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கே திகைக்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள், எந்தப் பொத்தானைத் தப்பாக அமுக்குகிறார்கள் என்று எழுதிக்கொள்வேன். உதவி செய்யக் கூடாது. "இது சரியா?" என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேள்வியை அவர்களிடமே திருப்பிவிட வேண்டும். அது தொழில் விதி. என் அம்மாவுக்கு இன்றுவரை இந்த வேலை விளங்கவில்லை. "அடுத்தவங்க முழிக்கறத வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு டிகிரியாடி?" என்பார்.

எங்கள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே நடைபாதையில் கண் தெரியாதவர்கள் கோலால் தடவி நடப்பதற்காக மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். நேராக அதன்மேல்தான் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்துவார்கள். தினமும் அதைப் பார்த்துத் திட்டிக்கொண்டேதான் மாடியேறுவேன். ஓடு பதித்தவனும் சரி, வண்டி நிறுத்தியவனும் சரி, ஒருநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கட்டும் என்று பொருமுவேன். அடுத்தவர் தப்பு என்றால் எனக்குக் கோபம் சீக்கிரம் வந்துவிடும்.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்திலிருந்து வேலை வந்தது. பெயர் வேண்டாம். பதினான்கு நாற்காலிகள். ஒரு தர்ம அமைப்பின் குழு அதை நடத்துகிறது. சிறுநீரகம் போனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் சாய்ந்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு போவார்கள். நாற்காலி இருந்தால் உயிர் இருக்கும், அவ்வளவுதான் கணக்கு. வெளியே எப்போதும் முப்பது பேர் காத்திருப்புப் பட்டியலில் இருப்பார்கள். அதுவரை வாராவாரம் தாதியர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அடுத்த வாரம் வருகிறீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு செயலியில் போட்டுவிடலாம் என்று குழு முடிவு செய்தது. சனிக்கிழமை நோயாளியின் போனுக்குச் செய்தி வரும். திறந்து நான்கு பக்கம் தாண்டி, கடைசியில் "வருகிறேன்" என்ற பொத்தானை அமுக்கினால் நாற்காலி உறுதி. உடனே திரையில் பெரிய பச்சை டிக் ஒன்று வரும். அந்த டிக்கை வைக்கச் சொன்னது நான். வயதானவர்களுக்குத் தைரியமாக இருக்கும் என்றேன்.

சோதனைக்கு ஐந்து நோயாளிகள் வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மையத்தின் வேனிலேயே ஐந்து பேரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வந்து, கூட்ட அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். சோதனைக்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கக் கூடாது. இதுவும் தொழில் விதி, முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது. ஆனால் வேன் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். சரி, ஒருநாள்தானே என்று விட்டுவிட்டேன்.

முதலில் உள்ளே வந்தவர் இராமலிங்கம் அங்கிள். அறுபத்திரண்டு வயது. தேய்த்த சட்டை, சட்டைப் பையில் 555 புத்தகம் என்கிற குட்டி நோட்டு, அதில் செருகிய பேனா. இடது முழங்கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு புடைத்து நின்றது. நான் என் மூன்று வாக்கியங்களைச் சொல்லி முடித்ததும் சிரித்தார்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் மேடம் சொல்வாங்க. அப்புறம் மார்க் போட்டுருவாங்க."

"மார்க் எல்லாம் இல்ல அங்கிள்."

"சும்மா சொல்லாதீங்க லா. அந்தப் பேப்பர்ல என்ன எழுதறீங்க அப்ப?"

பேச்சுக் கொடுத்து ஆளைப் பதற்றமில்லாமல் ஆக்குவது வழக்கம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். பத்து நிமிடம் பேசினார். பத்தொன்பது வயதில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு கட்டுகிற ஆளாக, லோரியில் ஏறியவர். பிறகு இருபத்தெட்டு வருடம் ஓட்டுநர். துறைமுகத்துக்கும் மேருவில் இருக்கும் கிடங்குகளுக்கும் நடுவில் அவர் ஓடிய தூரத்தைக் கூட்டினால் உலகத்தை எத்தனை சுற்றோ என்று அவரே கேலியாகச் சொன்னார். படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை. துறைமுக கேட்டில் நிரப்பக் கொடுக்கும் பாரங்களோ, அதாவது படிவங்களோ, ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கும். அதனால் அவர் வார்த்தையைப் படிக்க மாட்டார், இடத்தை மனப்பாடம் செய்வார். மேலிருந்து மூன்றாவது கட்டத்தில் லோரி நம்பர். அதற்குக் கீழே வலது பக்கம் கண்டெய்னர் நம்பர். கையெழுத்து கீழ் மூலையில். 555 புத்தகத்தில் சின்னதாகக் கட்டம் போட்டு வைத்துக்கொள்வார். பாரம் மாறினால் முதலில் கண்டுபிடிப்பவரும் அவர்தான். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு லோரியாக ஏறி மற்ற டிரைவர்களுக்கும் காட்டிவிட்டு வருவார்.

"எதுக்கு அங்கிள் எல்லாருக்கும்?" என்று கேட்டேன்.

"கேட்ல ஒருத்தன் மாத்தி எழுதித் திரும்பி வந்தான்னா பின்னால நாப்பது லோரி நிக்கும் மேடம். ஒருத்தன் ஃபெயில்னா எல்லாரும் ஃபெயில். அதனால ஒருத்தன் கத்துக்கிட்டா எல்லாருக்கும் சொல்லிறணும். எங்க வேலைல அதான் பழக்கம்."

நல்ல மனிதர் என்று நினைத்தேன். அறிக்கையில் போட ஒரு நல்ல வரி கிடைத்தது என்றும் நினைத்தேன். அவர் சொன்னது எனக்கே ஒரு எச்சரிக்கை என்பது அப்போது உறைக்கவில்லை.

போனைக் கொடுத்தேன். நான்கரை நிமிடம் ஆனது. இரண்டாவது பக்கத்தில் முட்டினார், மூன்றாவது பக்கத்தில் பின்னால் போய் முன்னால் வந்தார். "இதத்தான் அமுக்கணுமா மேடம்?" என்றார். "நீங்க என்ன நினைக்கிறீங்க, அங்கிள்?" என்றேன். "போலீஸ்காரன் மாதிரியே கேக்கறீங்க," என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். கடைசிப் பக்கத்தில் வலது கீழ் மூலையில் ஒரே ஒரு பொத்தான். அமுக்கினார். டிக் வந்தது. லோரி கேட்டைத் தாண்டியதுபோல் மூச்சுவிட்டார். வெளியே போகும்போது என் பெயர் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி 555 புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்தவர் ஒன்றரை நிமிடத்தில் முடித்தார். மூன்றாமவர் ஒரு நிமிடம். எனக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் எடுக்க எழுந்தபோது கதவின் கண்ணாடி வழியே பெஞ்சைப் பார்த்தேன். இராமலிங்கம் அங்கிள் முழங்காலில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். அதில் நான்கு கட்டங்கள். இன்னும் உள்ளே வராத இருவரும் அவருக்கு இரண்டு பக்கமும் குனிந்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவால் தட்டிக் காட்ட, பக்கத்தில் இருந்த அம்மா தன் தொடைமேல் விரலால் அதேபோல் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அந்த இடத்திலேயே சோதனையை நிறுத்தி, வேறு ஐந்து பேரை வேறொரு நாள், தனித்தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு இன்னொரு வாரம் ஆகும். அறிக்கை வெள்ளிக்கிழமை வேண்டும் என்று என் மேலாளர் விமலன் காலையில்தான் சொல்லியிருந்தார். பாவம், பரீட்சை என்று நினைத்துவிட்டார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு உள்ளே போனேன்.

கடைசியாக வந்தவர் அந்த அம்மா, பவுனம்மாள். அறுபத்தேழு வயது. ஒடிசலான உடம்பு. எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்று தலையாட்டுவார். புரிந்ததா என்றாலும் சரிம்மா, களைப்பாக இருக்கிறதா என்றாலும் சரிம்மா. இருபத்தைந்து விநாடியில் முடித்துவிட்டார். திரையில் எழுதியிருந்த ஒரு வார்த்தையைக்கூட அவர் படிக்கவில்லை. கடைசிப் பக்கம் திறப்பதற்கு முன்பே அவருடைய விரல் வலது கீழ் மூலையில் போய்க் காத்துக்கொண்டு நின்றது. பொத்தான் வந்ததும் அமுக்கினார். பச்சை டிக்கைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு பெருமை.

"பாஸாம்மா?" என்றார்.

"பாஸ் ஆன்டி," என்றேன். விதியை மீறி.

என் குறிப்பேட்டில் "பக்கம் திறக்கும் முன்பே விரல் போய் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறேன். இன்னும் அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. அறிக்கையில் அதைப் போடவில்லை. ஐந்துக்கு ஐந்து என்று போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, செயலியைக் கட்டிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வர முடியாத நோயாளி நாற்காலியை முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால், காத்திருப்பவர் யாருக்காவது கொடுக்கலாமே என்று குழு ஆசைப்படுகிறதாம். நல்ல ஆசைதான். அதற்காகக் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பொத்தான் சேர்த்திருக்கிறார்கள். படமும் இருந்தது. இடது பக்கம் "வருகிறேன்". வலது பக்கம், மூலையில், "விட்டுக்கொடுக்கிறேன்". இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். எதை அமுக்கினாலும் அதே பச்சை டிக். மறுபடி சோதிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு வேறு மூன்று வேலைகள் தலைக்குமேல் இருந்தன. படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "சிறிய மாற்றம்தான். ஐந்து பேரும் எளிதாகத் தேறிவிட்டார்கள். மறுசோதனை தேவையில்லை," என்று பதில் போட்டேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

செயலி வெளிவந்த முதல் சனிக்கிழமை, செய்தி வந்த ஐந்தாவது நிமிடமே பவுனம்மாள் போனை எடுத்துவிட்டார். வாத்தியார் சொன்னதை மறக்காத மாணவி. நான்கு பக்கத்தையும் தாண்டி, வலது கீழ் மூலையில் அமுக்கினார். பச்சை டிக் வந்தது. போனை வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனாராம். திரையில் எல்லாம் தமிழிலும் எழுதியிருந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். படிக்க வேண்டிய தேவையைத்தான் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து இல்லாமல் செய்துவிட்டோம்.

இராமலிங்கம் அங்கிள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் செய்தியைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டு பொத்தான்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். இருபத்தெட்டு வருடம் பாரம் மாறியதைக் கண்டுபிடித்த கண் அது. நிதானமாகப் படித்து இடது பக்கத்தை அமுக்கினார். அடுத்த நிமிடம் மற்ற நால்வருக்கும் போன் போட்டார். மூன்று பேர் இன்னும் திறக்கவே இல்லை. அவர்களுக்கு இடது பக்கம் என்று சொல்லிவிட்டார். பவுனம்மாள்தான் முடித்துவிட்டிருந்தார்.

"நேத்தே அமுக்கிட்டேன் தம்பி. டக்குனு வந்துச்சு."

"பச்சை டிக் வந்துச்சாக்கா?"

"வந்துச்சே."

"அப்ப சரிக்கா. போனத் தொடாதீங்க, அப்படியே விட்டுருங்க."

இந்தப் பேச்சை அவர் பிறகு என்னிடம் போனில் மூன்று தடவையாவது சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை மாறாமல். டிக் வந்ததா என்று மட்டும் கேட்காமல் எந்தப் பக்கம் அமுக்கினீர்கள் என்று கேட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமையே தாதிக்குப் போன் போட்டு மாற்றியிருக்கலாம். அவர் டிக்கை நம்பினார். நம்புவதற்காகத்தான் நான் அதை வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை வேனில் எல்லோரோடும் பவுனம்மாளும் வந்து இறங்கினார். அவருடைய ஒன்பதாம் நம்பர் நாற்காலியில் வேறொருவர், மேருவிலிருந்து வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர், கையில் குழாய் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு மாதமாகக் காத்திருந்தவராம். குழாய் ஏற்றிய ஆளை எழுப்ப முடியாது. தாதிக்கும் பதறிவிட்டது. "ஆன்டி, நீங்களே விட்டுக்கொடுத்துட்டீங்கன்னு சிஸ்டம்ல காட்டுது. மூணு மணிக்கு ஒரு சேர் காலியாகலாம், இருங்க. இல்லாட்டி நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிருங்க, வீட்டுக்குப் போயிறாதீங்க," என்றாள். "சரிம்மா," என்றார் பவுனம்மாள்.

வெள்ளிக்கிழமை கழுவிய ரத்தம். சனி, ஞாயிறு தாண்டி, உடம்பில் தண்ணீர் கோத்துக் கால் வீங்கித்தான் திங்கட்கிழமை எல்லோரும் வருவார்கள். பவுனம்மாள் அந்தப் பெஞ்சிலேயே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் முடித்துவிட்டு வந்ததும் அவர்களோடு வேனில் ஏறிவிட்டார். மூன்று மணிவரை இருங்கள், நானும் கூட இருக்கிறேன், பிறகு கிராப் டாக்சி பிடித்துப் போகலாம் என்று இராமலிங்கம் அங்கிள் கெஞ்சினாராம்.

"வேணாம் தம்பி. நான்தான் எங்கயோ மாத்தி அமுக்கித் தொலைச்சுட்டேன். மத்தவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? புதன்கிழமை பாத்துக்கலாம்."

மகளிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். பாஸ் என்று சொன்ன பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டோமே என்று. செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் கூட்டத்துக்கு நடுவில் இருந்தேன்.

"மேடம், நான் இராமலிங்கம். உங்க கார்ட்ல நம்பர் பாத்தேன். பவுனம்மாள் அக்கா நேத்து தவறிட்டாங்க. அவங்களே சேர விட்டுக்கொடுத்துட்டதா சிஸ்டம்ல காட்டுச்சாம். ஒரே ஒரு டவுட்டு. பச்சை டிக் வந்தா சேர் இருக்குன்னுதானே அர்த்தம்?"

வெளியே வந்து என் போனில் அந்தச் செயலியைத் திறந்தேன். வெளியான பிறகு அதை நான் திறந்தது அதுதான் முதல் முறை. வலது மூலைப் பொத்தானில் "விட்டுக்கொடுக்கிறேன்" என்று இருந்தது. என் விரலே அங்கேதான் போனது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கீழே யாரோ மஞ்சள் ஓட்டின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

திருத்தம் இரண்டு நாளில் முடிந்தது. விட்டுக்கொடுக்கும் பொத்தானைத் தனிப் பக்கத்துக்கு மாற்றி, சிவப்பாக்கி, "நிச்சயமாகவா?" என்று ஒரு கேள்வி வைத்து, டிக்கை எடுத்தோம். இரண்டே நாள் வேலை.

பிறகு குழு கூடியது. நானும் விமலனும் போனோம். முறையாகச் சோதித்தீர்களா என்று தலைவர் கேட்டார். "ஐந்துக்கு ஐந்து, சார்," என்றார் விமலன். அவர் பொய் சொல்லவில்லை. என் அறிக்கையைத்தான் படித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வழக்கு வரும் என்ற பயம், அதெல்லாம் உண்மைதான். அதற்குமேல் வெறும் கோழைத்தனமும் இருந்தது. பயனர் தவறு என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். பதினோரு வருடமாக அடுத்த நிறுவனங்களின் அறிக்கையில் அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தால் காறித் துப்பாத குறையாகத் திட்டுவேன். பயனர் தவறு என்று எழுதுகிறவன் வேலையைச் செய்யாதவன் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குறிப்பின் கீழ் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மையத்தின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். "செயலி பற்றி நோயாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சந்தேகங்களுக்குத் தாதியரை அணுகவும்." பெஞ்சுக்கு நேர் மேலே. யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் கீழேதான் வாரத்துக்கு மூன்று நாள் இராமலிங்கம் அங்கிள் உட்கார்ந்திருக்க வேண்டும். பவுனம்மாள் வீட்டுக்குப் போய் அவருடைய மகள் முன்னால் கைகூப்பி, "நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்," என்று அவர் சொன்னதாகவும், அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவரைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். மின்னஞ்சலைக்கூட அச்செடுத்துப் பைக்குள் வைத்திருந்தேன். மேருவில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தெருவீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி உஷாராணி. "உள்ள வாம்மா. அவரு யார்கிட்டயும் பேசறதில்ல. உங்கிட்டயாச்சும் பேசறாரா பாரு," என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

இராமலிங்கம் அங்கிளின் சட்டைப் பை காலியாக இருந்தது. 555 புத்தகம் தொலைக்காட்சிக்கு மேல் கிடந்தது. போனையும் மனைவியிடம் கொடுத்துவிட்டாராம். சனிக்கிழமைச் செய்தியை உஷாராணி ஆன்டிதான் திறந்து, படித்து, அமுக்குகிறார். கேட்டைத் தாண்ட நாற்பது பேருக்கு வழி சொன்ன மனிதருக்குத் தன் போனைத் தொடவே கை வரவில்லை.

புத்தகத்தை எடுத்து எனக்குக் காட்டினார். நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு புள்ளி. எல்லோருக்கும் தட்டித் தட்டிக் காட்டியதில் அந்த இடத்தில் தாள் ஓட்டை விழுந்திருந்தது.

"மேடம், நீங்க இதையே படிச்சவங்க. மத்தவங்க சும்மா ஆறுதலுக்குச் சொல்வாங்க. நீங்க உண்மையச் சொல்லுங்க. இது யாரு தப்பு?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார். என் தப்பு அங்கிள், மின்னஞ்சல் இதோ இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பைக்குள் கையும் போய்விட்டது. வாய் திறந்தது. பதினோரு வருடப் பழக்கம், என்னைக் கேட்காமலே தானாக வந்து விழுந்தது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, அங்கிள்?"

அவர் கோபப்படவில்லை. போலீஸ்காரன் மாதிரி என்று கேலியும் செய்யவில்லை. அன்றைக்குச் சோதனையில் யோசித்தாரே, அதேபோல் நிதானமாக யோசித்தார்.

"என் தப்புதாம்மா," என்றார்.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். உஷாராணி ஆன்டி தேநீரோடு வந்தார். தேநீரைக் குடித்தேன். விடைபெறும்போது அவர் வாசல்வரை வந்து, ரோட்டில் லோரிகள் வேகமாக வரும், பார்த்துப் போங்கள் என்று சொன்னார். அடுத்த வாரம் வந்து சொல்லிவிடலாம் என்று காரில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் வேலை வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. காரணம் வேண்டுமென்றால் என்றைக்கும் கிடைக்கும். உண்மை என்னவென்றால், அவர் தன் தப்பு என்று சொன்ன அந்த நொடியில் எனக்குள் எங்கோ ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதே அவருடைய இதயம் நின்றுவிட்டது. திங்கட்கிழமை அந்த நாற்காலியில் பட்டியலில் அடுத்தவர் உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை எனக்குச் சொன்னது அந்தத் தாதிதான். சனிக்கிழமை காலையிலேயே மேருவுக்குப் போனேன். வீட்டு வாசலில் பந்தல். பழைய லோரி டிரைவர்கள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். "இவருகிட்டதான்மா நான் பாரம் எழுதக் கத்துக்கிட்டேன்," என்று ஒருவர் முன்பின் தெரியாத என்னிடம் அழுதார்.

உஷாராணி ஆன்டி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இப்போது யாரும் கேள்வி கேட்காமலே வாய் திறந்தது. பெஞ்சில் அவர் சொல்லிக்கொடுத்ததைக் கண்ணாடி வழியே பார்த்தது, மின்னஞ்சல், நான் போட்ட பதில், குழுவில் வாயை மூடிக்கொண்டிருந்தது, அன்றைக்குச் சொல்ல வந்துவிட்டுச் சொல்லாமல் போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தப்பு அவரோடது இல்ல ஆன்டி. என்னோடது," என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இத அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.